புகையும் இருதயமும்: குறைத்தால் போதுமா?

(மேல்மலையனூர் வட்டாரத்துச் சபைக் குடும்பங்களும் மருத்துவமனையின் ஆதரவாளர்களும் கூடிய சுகாதாரக் கூட்டத்தில் நமது டாக்டர் ஒருவர் ஆற்றிய உரை)



வேர்க்கடலை மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்த ஒரு பெரியவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து மனைவியோடு நம் மருத்துவமனைக்கு வந்தார். வயது அறுபதைத் தொடுகிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே நெஞ்சு இறுக்குகிறது என்றார். “பீடி உண்டா ஐயா?” என்று கேட்டேன். “ஒரு நாளைக்கு ஒரு கட்டு பிடிச்சேன் டாக்டரய்யா. இப்ப ரெண்டுதான். காலையில ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு” என்றார் பெருமையாக. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு கட்டிலிருந்து இரண்டுக்கு வருவது லேசான காரியம் அல்ல. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இருதயத்துக்கு அது போதுமா? இன்று இதைப்பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

காலில் முள் ஏறினால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. காயத்தை ஆற்ற உடம்பு அனுப்பும் இரத்த அணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். முள்ளை எடுத்துவிட்டால் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். புகை பிடிப்பவருடைய இரத்தக்குழாயின் உட்சுவரிலும் இதே காரியம்தான் நடக்கிறது. ஆனால் அங்கே முள் தினந்தோறும் ஏறுகிறது. புண்பட்ட சுவரில் கொழுப்பு படிகிறது, வெள்ளணுக்கள் குவிகின்றன, தடிப்பு வளர்கிறது. ஒரு நாள் அந்தத் தடிப்பின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபட்டால் அதுவே மாரடைப்பு. புகை இரத்தத்தை எளிதில் உறையவும் செய்கிறது. ஆகவே ஆபத்து இரண்டு பக்கமும் வருகிறது.

இந்த அழற்சியை இரத்தப் பரிசோதனையிலும் காணலாம். கல்லீரல் உண்டாக்கும் சி.ஆர்.பி. என்ற புரதம் புகைப்பவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

“பீடி வெறும் இலைதானே, சிகரெட்டுதான் கெடுதல்” என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும், மரணம் நேர்ந்த வீடுகளுக்கு ஆட்கள் சென்று, இறந்தவர் என்ன நோயால் இறந்தார், புகை பிடித்தாரா என்று விசாரித்தார்கள். சென்னை டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து, 2003-ல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நகரத்துக் கணக்கில், புகைத்தவர்களின் மரண விகிதம் புகைக்காதவர்களைப்போல ஏறக்குறைய இருமடங்கு. அந்த அதிகப்படியான சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்கள், அதிலும் முக்கியமாகக் காசநோய். இன்னொரு பங்கு இருதய, இரத்தக்குழாய் வியாதிகள். பீடியும் சிகரெட்டைப்போலவே கொல்கிறது என்று தெரிந்தது. பேர் தெரியாத எத்தனையோ குடும்பங்கள் தங்கள் துக்கத்தின் நடுவிலும் வாய் திறந்து சொன்னதால் நமக்குக் கிடைத்த அறிவு இது.

இப்போது பெரியவரின் இரண்டு பீடிக்கு வருகிறேன். 2018-ல், உலகின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இருதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழ பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி! புற்றுநோய்க்குக் குறைத்ததன் பலன் ஓரளவு கிடைக்கலாம்; இரத்தக்குழாயோ சிறு புகைக்கும் புண்படுகிறது. வீட்டில் ஒருவர் விடும் புகையைச் சுவாசிக்கிற மனைவிக்கும்கூட இருதய நோய் அபாயம் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பியதில் நியாயம் உண்டு.

சரி, அறுபது வயதில் விட்டு என்ன பயன் என்கிறீர்களா? மிகுந்த பயன் உண்டு. விட்ட ஓரிரு நாளில் இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு நீங்கிவிடுகிறது. ஓர் ஆண்டில், புகையால் கூடிய இருதய நோய் அபாயம் பாதியாக இறங்குகிறது. அழற்சி மெதுவாகத்தான் அடங்கும்; பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளில் இறங்கிவிடும், சிலருக்கு மேலும் காலம் பிடிக்கும். மாரடைப்பு வந்தபின் விட்டவர்களுக்கும் மரண அபாயம் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைகிறது. பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் மூன்று ஆண்டு ஆயுள் கூடியது. 30 வயதில் விட்டவர்களுக்கோ பத்து ஆண்டு.

விடுவதற்கு ஒரு நாள் குறியுங்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள். சட்டைப்பையிலும் பரணிலும் இருப்பதை எறிந்துவிடுங்கள். முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். சில வாரங்களில் தணியும். ஆசை எழும்பும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், அது கடந்துபோகும். தண்ணீர் குடியுங்கள், நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள். பீடிக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்காதீர்கள். தேவைப்பட்டால் நிகோடின் மெல்லுமிட்டாயை டாக்டரிடம் கேளுங்கள். 1800-11-2356 என்ற அரசாங்க இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்றே விட்டார். நாற்பது நாள் தாண்டினார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் யாரோ அன்பாக நீட்டியதை வாங்கிப் பிடித்துவிட்டார். வெட்கப்பட்டு இரண்டு மாதம் மருத்துவமனைக்கே வரவில்லை. மனைவிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “நாற்பது நாள் உங்களால் முடிந்திருக்கிறதே ஐயா” என்று சொல்லி, மறுபடியும் நாள் குறித்தோம். பலர் இப்படி இரண்டு மூன்று முறை தவறித்தான் முழுவதும் விடுகிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விட முயலுகிறவருக்கு முன் பீடியை நீட்டாதீர்கள். தவறினவரை ஏளனம் செய்யாதீர்கள். “ரெண்டுதான்” என்று சொல்பவரிடம், “அந்த ரெண்டையும் விட்டுவிடுங்கள்” என்று அன்பாய்ச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.