ஏறிய தூரத்தை அளந்து பாருங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: மாணவர் முன்னேற்றத்தைப் பார்த்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பது கல்வியை உயர்த்துமா? கெடுக்குமா? கன்னிவாடி மேடையில் 'உயர்த்தும்' அணியின் நிறைவுப் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! இவ்வளவு நேரமும் எங்களைப் பயமுறுத்திக் கொண்டிருந்த எதிரணி நண்பர்களே! பன்றிமலைக் காற்று இறங்கி வருகிற இந்தக் கன்னிவாடியிலே கூடியிருக்கும் பெருமக்களே! சமையலைப் பாதியிலே இறக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "ஆசிரியர் பணி ஒரு தொண்டு. தொண்டுக்குப் போய் விலைப்பட்டியல் ஒட்டலாமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். (சிரிப்பு) தொண்டுதான் ஐயா, யார் இல்லைன்னு சொன்னது? ஆனா அந்தத் தொண்டுக்கு மாசாமாசம் சம்பளம் வருதில்லையா? அது ஏற்கெனவே ஒரு விலைப்பட்டியல்தானே! அந்தப் பட்டியல்ல எதை எழுதியிருக்கோம், எதை எழுதாம விட்டிருக்கோம்? அதைத்தான் நான் இங்கே கேட்க வந்திருக்கேன்.

ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு ஆசிரியர். ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒருத்தர் நாலு மணி மணியடிச்ச பிறகும், எழுத்துக்கூட்டத் தெரியாத நாலு பிள்ளைகளைப் பக்கத்துல உட்கார வச்சிக்கிட்டு இருக்காரு. இன்னொருத்தர் மணியடிக்கிறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. வருஷம் முடிஞ்சா ரெண்டு பேருக்கும் என்ன? அதே மூணு சதவீத ஊதிய உயர்வு! (கைதட்டல்) நாம யாரையும் திட்டலை ஐயா. செருப்பு மாட்டினவரும் சட்டப்படி சரியாத்தான் இருக்காரு. முதல் ஆசிரியர் செஞ்ச வேலைக்குத்தான் நம்ம கணக்குப் புத்தகத்துல ஒரு கட்டமே இல்லை.

ஒரு காலத்திலே நம் தமிழ்நாட்டிலே ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. எதற்காக? உயர்கல்வித் தகுதிக்காக. 2020இல் அரசாணை போட்டு அதை நிறுத்தினார்கள். நல்ல நோக்கம்தான். படித்த ஆசிரியர் வேண்டும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆசிரியர் எம்.ஏ. முடிச்சாரான்னு பார்த்துப் பணம் கொடுத்தோம். அவர் வகுப்புல இருக்கிற முருகன் ஒரு பக்கம் வாசிச்சு முடிச்சானான்னு பார்த்துக் கொடுக்கலையே! (கைதட்டல்)

இப்போ எதிரணிக்கு வர்றேன். அவங்க சும்மா பேசலை, சரித்திரத்தோட வந்தாங்க. 1862லே இங்கிலாந்திலே ராபர்ட் லோ என்பவர் ஒரு திட்டம் கொண்டு வந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம். என்ன ஆச்சு? பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிட்டு, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சாலும் கடகடன்னு வாசிச்சாங்கன்னு இன்னிக்கும் கதை சொல்றாங்க. (சிரிப்பு) மாத்யூ ஆர்னால்ட் என்ற பெரிய கவிஞர் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். அவரே அந்தத் திட்டத்தை எதிர்த்தார்.

அந்தச் சரக்கு கப்பலேறி நம்ம சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் தேர்வு முடிவைப் பார்த்து மானியம். 1904இல் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானமே, முடிவுக்கேற்ற மானியம் என்ற அந்த முறைக்கு எதிராகப் பேசியது. அமெரிக்காவிலே அட்லாண்டா நகரத்தையும் சொன்னாங்க. அங்கே மார்க்கைக் கூட்டிக் காட்ட ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தினாங்க. 2011லே வந்த விசாரணை அறிக்கையிலே 44 பள்ளிகளில் 178 பேர் மாட்டினார்கள். 2015லே 11 பேரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது.

நடுவர் ஐயா, இதெல்லாம் பொய்யின்னு நான் சொல்லவே மாட்டேன். அத்தனையும் உண்மை. ஆனா எதை அளந்து காசு கொடுத்தாங்கன்னு பாருங்க. "தேறினானா, தேறலையா? மார்க் எத்தனை?" அவ்வளவுதான். பிள்ளை எங்கே இருந்து கிளம்பினான்னு யாரும் பெருசா எடுத்துக்கலை.

நம்ம ஊர் மலையையே எடுத்துக்குவோமே. பன்றிமலையிலேயே பொறந்து வளர்ந்தவன் மலை மேல நிக்கிறான். கீழே தருமத்துப்பட்டியில இருந்து கிளம்பினவன் மூச்சு வாங்க ஏறிப் பாதி வழியில நிக்கிறான். உயரத்தை மட்டும் பார்த்தா மேலே நிக்கிறவனுக்குத்தான் பரிசு. அவன் ஓர் அடிகூட ஏறலையே ஐயா! (பலத்த கைதட்டல்) அவனை மேலே ஏத்திவிட்டேன்னு சொல்லி ஒரு வழிகாட்டி காசு வாங்கினா ஒத்துக்குவீங்களா?

தேர்ச்சி விழுக்காடு அப்படித்தான். வீட்ல படிச்ச அம்மா, சாயங்காலம் டியூஷன், மேசை, நாற்காலி எல்லாம் இருக்கிற பிள்ளை பாதி மலையில பொறந்த பிள்ளை. விடியுமுன்னே அப்பா அம்மா ரெண்டு பேரும் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போயிடுற வீட்டுப் பிள்ளை அடிவாரத்துல நிக்கிற பிள்ளை. தேர்ச்சியை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தா, அடிவாரத்துப் பிள்ளை ஆசிரியருக்குப் பாரமாத் தெரியும். "உன் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கம்மா"ன்னு சொல்ற நிலைமை வரும். இங்கே நாம பேசுறது அந்தப் பிள்ளையோட எதிர்காலம் ஐயா, ஆசிரியரோட சம்பளம் மட்டும் இல்லை.

அப்படின்னா ஏறின தூரத்தை அளக்க முடியுமா? முடியும். அளந்து காட்டியிருக்காங்க. பக்கத்து வீட்டுல, ஆந்திரத்துல!

2005லே ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். மாநில அரசும், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும், உலக வங்கியும் கூட நின்றன. எல்லாம் கிராமத்து அரசு தொடக்கப் பள்ளிகள். குலுக்கல் முறையிலே பிரித்தார்கள். 100 பள்ளியிலே, ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவரவர் பிள்ளைகள் முன்னேறியதைப் பார்த்து ஊக்கத்தொகை. இன்னொரு 100 பள்ளியிலே, பள்ளி மொத்தமும் முன்னேறியதைப் பார்த்து எல்லா ஆசிரியருக்கும் சமமாக. மற்றொரு 100 பள்ளி ஒன்றும் இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

கணக்கு எப்படி? வருஷ ஆரம்பத்துல பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு. முடிவுல ஒரு தேர்வு. சராசரி மதிப்பெண் 5 சதவீதத்துக்கு மேல எவ்வளவு கூடியிருக்கோ, அந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 500 ரூபாய். வகுப்போட சராசரி 10 கூடியிருந்தா 5 கழிச்சு மீதி 5. ஆக 2,500 ரூபாய். அடிப்படைச் சம்பளத்துல ஒரு பைசா குறைக்கலை. முன்னேறலைன்னா அபராதமும் இல்லை. கிடைச்ச தொகையைச் சராசரி பார்த்தா, வருஷச் சம்பளத்துல சுமார் 3 சதவீதம்தான்.

அந்த மூணு சதவீதம் என்ன செஞ்சது தெரியுமா? ரெண்டே வருஷத்துல கணக்கிலும் மொழிப் பாடத்திலும் அந்தப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைத் தாண்டினாங்க. காசு வச்சது இந்த ரெண்டு பாடத்துக்குத்தான். ஆனா காசே வைக்காத அறிவியலிலும் சமூக அறிவியலிலும் முன்னேறினாங்க! (கைதட்டல்) மனப்பாடம் மட்டும் பண்ணியிருந்தா அது எப்படிய்யா நடக்கும்? வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு எல்லாப் புத்தகமும் திறந்துக்கும்.

(நடுவர்: அதெல்லாம் சரிம்மா. காசு வாங்கப் போறவரே மார்க்கும் போட்டா, அட்லாண்டா கன்னிவாடிக்கு வந்துடாதா?)

நல்ல கேள்வி ஐயா. அதனாலதான் ஆந்திரத்துல தேர்வை நடத்தினது அந்தப் பள்ளி ஆசிரியர் இல்லை. வெளியில இருந்து வந்தவங்க. தராசு விக்கிறவன் கையிலேயே இருந்தா, எடைக்கல்லை யார் சோதிக்கிறது? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போற நம்ம விவசாயிக்கு இது சொல்லித் தர வேண்டாம். (சிரிப்பு, கைதட்டல்)

இன்னோர் உண்மையையும் நானே சொல்லிடுறேன், எதிரணிக்கு வேலை வைக்க வேண்டாம். ஆந்திரத்துல இந்தத் தொகையால ஆசிரியர் வருகை கூடலை. லீவு எடுத்தவங்க லீவு எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா வந்த நாள்ல என்ன செஞ்சாங்க? வீட்டுப்பாடம் கூடுதலாக் கொடுத்தோம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் வகுப்பு வச்சோம், பின்தங்கின பிள்ளையைத் தனியாக் கவனிச்சோம்னு அவங்களே சொன்னாங்க. வருகைக்கு வேற மருந்து. ராஜஸ்தானில் உதயப்பூர்ப் பக்கம் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம், ஓராசிரியர் பள்ளிகளிலே கேமரா கொடுத்து, வந்த நாளைக் கணக்கிட்டுச் சம்பளம் போட்டது. ஆசிரியர் வராத நாள் 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. எதுக்குக் காசு வைக்கிறோமோ அதுதான் கூடும். அதனால எதுக்கு வைக்கிறோம்கிறதுல கவனமா இருக்கணும்.

கென்யாவிலேயும் ஒரு சோதனை நடந்தது. தேர்வு மார்க்குக்குப் பரிசு வச்சாங்க. பரிசு இருந்த வரைக்கும் மார்க் ஏறியது. பரிசு நின்னதும் அந்த ஏற்றமும் நிலைக்கலை. தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, பாடம் நிக்கலை. நல்ல கேள்வித்தாள் இல்லாத ஊக்கத்தொகை, அடி ஓட்டையான குடம். நாங்க அதைக் கேட்கலை.

எங்க அணி கேட்கிறது நாலே நாலு. ஒண்ணு, அடிப்படைச் சம்பளத்துல கைவைக்கக் கூடாது. முதல்ல அங்கே இருக்கிற கோணலைச் சரி பண்ணணும். 2009 மே 31 வரைக்கும் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1லே சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்தார்கள். ஒரே வேலை, ஒரே வகுப்பு, ஒரு ராத்திரி வித்தியாசம்! அந்த வயிற்றெரிச்சல் மேல ஊக்கத்தொகையை ஊத்தினா அது எண்ணெயாத்தான் ஆகும். ரெண்டு, தேர்ச்சியைப் பார்க்காதீங்க, முன்னேற்றத்தைப் பாருங்க. மூணு, வெளியாள் தேர்வு வைக்கட்டும். நாலு, நடுவுல படிப்பை விட்டு நின்ன பிள்ளையையும் கணக்குல சேருங்க. அப்பத்தான் பின்தங்கின பிள்ளையைக் கழிச்சுக் கட்ட மாட்டாங்க. அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க.

முன்னேற்றத்தை அளக்கிறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 2022லே தமிழ்நாட்டிலே 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியபோது, பிள்ளைகளை அவங்க நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிச்சாங்க. எவ்வளவு அழகான பேரு! ஏற்கெனவே மலர்ந்ததை மேசை மேல எடுத்து வச்சுக் காட்டுறது பெரிய வேலையா? அரும்பை மொட்டாக்குறாங்களே, மொட்டை மலராக்குறாங்களே, அதுதான் ஐயா ஆசிரியர் வேலை. அந்த வேலையை இதுவரைக்கும் யாரும் பார்க்கலை. யாரும் எண்ணலை. யாரும் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கலை.

மூணு சதவீதம் பணத்துக்காக ஒரு நல்ல ஆசிரியர் மாறிடுவாரான்னு எதிரணி கேட்குது. பணத்துக்காக இல்லை ஐயா. "நீ செஞ்சதை நாங்க பார்த்தோம்"னு ஊரும் அரசாங்கமும் சொல்றதுக்காக. கடைசி பெஞ்சுப் பிள்ளை முதல் தடவையா ஒரு வரியைத் தானா வாசிக்கிறப்போ, அதுக்கும் ஒரு கணக்கு உண்டுன்னு சொல்றதுக்காக.

நடுவர் ஐயா, உச்சியில நிக்கிறவனை எண்ணிக் காசு கொடுத்தா பள்ளிக்கூடம் கெடும், ஒத்துக்கிறேன். ஏறின தூரத்தை அளந்து கொடுத்தா உயரும், நிச்சயம் உயரும் என்று தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)