அழையாமல் வரும் எண்ணங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில், உளநலத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது கல்லூரி எங்களுக்குப் பலவற்றைக் கற்பித்தது. வரிசையில் நிற்கவும், மேடையில் நடுங்காமல் பேசவும், வெள்ளைச் சீருடையை மாலைவரை வெள்ளையாக வைத்திருக்கவும் பழகினோம். "மனதைக் கட்டுப்படுத்துங்கள்" என்றும் நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் கேட்டிருக்கிறோம். நல்ல புத்திமதிதான். ஆனால் கட்டுப்படுத்த முயல முயல முரண்டு பிடிக்கும் சில எண்ணங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு கதைக்க வந்திருக்கிறோம்.

எவ்வாறான எண்ணங்கள்? அருகில் கைக்குழந்தை படுத்திருக்க, மரக்கறி வெட்டும் தாய்க்கு, "இந்தக் கத்தியால் பிள்ளையை ஏதும் செய்துவிடுவேனோ" என்று ஒரு நினைப்பு மின்னிவிட்டுப் போகிறது. கோயிலில் பூசை நேரத்தில், அல்லது தேவாலயத்தில் முழங்காலில் இருக்கும்போது, சொல்லக் கூசும் ஒரு வார்த்தை மனதில் எழுகிறது. கிணற்றுக் கட்டருகே நிற்கையில், "விழுந்தால்?" என்று ஒரு கேள்வி. வீட்டைப் பூட்டிவிட்டுப் படலைவரை வந்தபின், "அடுப்பை நிற்பாட்டினேனா?" என்று ஒரு சந்தேகம்.

இவற்றை யாரும் விரும்பி அழைப்பதில்லை. எங்கள் மனம் எதைப் பெரிதாக மதிக்கிறதோ, பெரும்பாலும் அதைத்தான் இவை தாக்குகின்றன. பிள்ளையை உயிராக நேசிப்பவளுக்குப் பிள்ளையைப் பற்றியும், பக்தி உள்ளவளுக்குத் தெய்வத்தைப் பற்றியும் வருகின்றன. அதனால்தான் அவை இவ்வளவு சுடுகின்றன. "இப்படி நினைக்கிற நான் எப்படிப்பட்டவள்?" என்று வெட்கப்பட்டு, கணவருக்கும் சொல்லாமல், தாய்க்கும் சொல்லாமல், ஆண்டுக்கணக்கில் தனியே சுமந்த பெண்களை நாங்கள் எமது வேலையில் சந்திக்கிறோம். கத்தியை ஒளித்துவைத்தவர்களும், குழந்தையைத் தனியே குளிப்பாட்டப் பயந்தவர்களும் அவர்களில் உண்டு.

இத்துறையில் முக்கியமான ஓர் ஆய்வில் எமது நாட்டவர் ஒருவரின் பங்கு இருக்கிறது. இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வா, ஸ்டான்லி ரக்மனுடன் சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த உளநோயும் இல்லாத சாதாரண மக்களிடம் இவ்வாறான வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஆம் என்றனர். சிகிச்சை பெறுவோரின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து வைத்தபோது, எது யாருடையது என்று துறைசார்ந்தவர்களாலேயே இலகுவில் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு எண்ணம் வந்ததில் இருக்கவில்லை. அது எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, எவ்வளவு வருத்தியது என்பதிலேயே இருந்தது.

அப்படியானால் சிலரிடம் அது ஏன் தங்கிவிடுகிறது? "மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே" என்று எங்கள் பெரியவர்கள் பகிடியாகச் சொல்வார்கள். 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே பரிசோதித்தார். அவரிடம் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று விட்டபோது, முன்னர் அடக்கியவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கக்கூடாது என்றால், அது வருகிறதா என்று மனம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே அதைத் திரும்பவும் அழைத்து வருகிறது.

பத்மால் டி சில்வா பழைய பௌத்த நூல்களையும் இக்கால உளச்சிகிச்சையையும் ஒப்பிட்டு எழுதியவர். மஜ்ஜிம நிகாயத்தில் வேண்டாத எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகள் கூறப்படுகின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது அவற்றுள் கடைசி வழி. மற்றவை பலிக்காதபோது மட்டும் செய்ய வேண்டியது. நாமோ பலவேளைகளில் அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

இனி, நாம் செய்யக்கூடியவை. முதலாவது, வந்ததற்குப் பெயர் வையுங்கள். "இது ஓர் எண்ணம்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். அதனோடு வழக்காடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். தெருவால் போகிற வாகனத்தின் சத்தம் கேட்டு ஓய்வதுபோல் அது இருந்துவிட்டுப் போகட்டும். கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். மரக்கறியை வெட்டி முடியுங்கள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

இரண்டாவது, அடுப்பை ஒருமுறை பாருங்கள், போதும். இரண்டாம் முறை பார்க்கும்போது சற்று நிம்மதி வருவது உண்மை. ஆனால் அந்த நிம்மதிதான் மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் வழி திறக்கிறது. "நான் கெட்டவளா?" என்று மற்றவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் இவ்வகையே. பார்க்காமல் நடந்தால் பதற்றம் ஏறும். பொறுத்திருந்தால் தானாகவே இறங்கும்.

மூன்றாவது, இரவில் ஓடும் கவலைகளுக்கு. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், ஊரில் தனியே இருக்கும் அம்மா என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக ஓடுமே, அதற்குப் பகலில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணித்தியாலம். இரவில் வந்தால், "நாளை ஐந்து மணிக்கு" என்று தவணை கொடுங்கள். தோமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1983இல் முன்வைத்த முறை இது.

இவை போதாத சந்தர்ப்பங்களும் உண்டு. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இந்த எண்ணங்களோ, கழுவுதல், சரிபார்த்தல் போன்ற செயல்களோ பிடித்துக்கொண்டால், வேலையும் உறக்கமும் கெட்டால், வைத்தியரை நாடுங்கள். ஓசிடி எனப்படும் இந்நோய்க்கு மருந்தும் உண்டு. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. விக்டர் மேயர் 1966இல் இலண்டனில் அந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டினார். போர்க்காலத்தில் உண்மையாகக் கண்டதும் கேட்டதும் மீண்டும் மீண்டும் கண்முன் வருவது வேறு. அது மனவடு, அதற்கும் தனியான சிகிச்சை இருக்கிறது.

மூன்று நிலைகளில் தாமதிக்கவே வேண்டாம். சாகவேண்டும் என்ற விருப்பமோ திட்டமோ மனதில் இருந்தால், யாருமில்லாதபோதும் குரல்கள் கேட்டால், பிள்ளை பெற்ற பெண் உறக்கமின்றிக் குழம்பி, நடக்காதவற்றை உண்மை என நம்பத் தொடங்கினால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். "விசர்" என்றும் "அங்கொடை" என்றும் யாராவது சொல்வார்களே என்று எங்கள் சமூகத்தில் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தால் இழந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

சகோதரிகளே, இறுதியாக ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ, மெல்பேணிலோ, இந்த ஊரிலோ, ஒருநாள் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் தயங்கித் தயங்கி இப்படியொரு எண்ணத்தைச் சொல்லக்கூடும். "சீ, இப்படியெல்லாம் நினைக்கலாமோ?" என்று கேட்டுவிடாதீர்கள். அவள் இன்னொரு முறை வாய் திறக்கமாட்டாள். "எனக்கும் அப்படி ஏதேதோ வரும், சொல்லு" என்று சொல்லுங்கள். இந்த வளவில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்தவர்கள் நாம். இந்தச் சுமையையும் பகிர்ந்துகொள்ள எமது சங்கம் இடமாக இருக்கட்டும்.