‘பணிந்து’ என்ற சொல்லை அடித்தவர்



இந்த நூலக வாசகர் வட்டத்துத் தம்பிகள் எனக்குத் தந்த தலைப்பு, ‘என் அரசியல் வாழ்க்கை’. அதை இன்னொரு நாள் பேசலாம். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். ‘மேடையில என் பேர் வரக்கூடாதுடா’ என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியவர். எனக்கு அவர் ஐயா. உங்களுக்கும் ஐயாவாகவே இருக்கட்டும்.

மற்ற வாத்தியார்கள் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஐயா மனு எழுதச் சொல்வார். தெருவில் விளக்கு இல்லை, பஞ்சாயத்துக்கு எழுது! நான் எழுதினேன்: ‘மகாகனம் பொருந்திய தலைவர் அவர்கள் சமூகத்திற்கு, அடியேன் மிகவும் தாழ்மையுடன் பணிந்து எழுதிக்கொண்டது.’ எங்கள் அப்பா கர்ணத்திடம் அப்படித்தான் எழுதி வாங்குவார். ஐயா சிவப்பு மையை எடுத்தார். மகாகனம் போயிற்று. அடியேன் போயிற்று. தாழ்மை போயிற்று. ‘பணிந்து’ மேல் மட்டும் இரண்டு கோடு, தாள் கிழிகிற மாதிரி! ‘விளக்கு உங்கப்பன் கட்டின வரிப்பணம்டா. எந்தத் தெரு, எத்தனை நாளா இருட்டு, அதை எழுது. கேட்டுக்கொள்கிறேன்னு முடி.’

பெரியாரையும் அண்ணாவையும் நான் படித்தது பிறகு. முதலில் படித்தது அந்தச் சிவப்பு மையை!

1965. என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 26 முதல் இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழியாக ஏறி உட்காரப்போகிறது. அதற்கு முந்தின நாளே மதுரை பற்றி எரிந்தது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் தங்கள் உடம்புக்கே தீ வைத்துக்கொண்டார்கள். 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. செத்தவர்கள் சுமார் 70 பேர் என்றது அரசாங்கக் கணக்கு. ஊர்க்கணக்கு அதைப்போலப் பல மடங்கு. நான் ஊரை நம்புகிறவன்.

ரயிலடிப் பலகையின் இந்தி எழுத்தில் தார் பூசிய நாங்கள் ஏழு பேர் லாக்கப்பில். மீசை முளைக்காத பையன்கள். ஒரு தாளை நீட்டி, ‘கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ’ என்றார் அதிகாரி. முழுக்க இங்கிலீஷ். எங்களுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. நான் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன்.

அப்போது வாசலில் ஐயா! வேட்டி, தோளில் துண்டு, செருப்பு வெளியே. ‘சார், அதைக் கொஞ்சம் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. எம்பிள்ளைங்க படிக்காத தாள்ல கையெழுத்துப் போட மாட்டாங்க.’

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அது அவருக்குச் சேர வேண்டியது.

அது மன்னிப்புக் கடிதம். தமிழ் ஆட்சிமொழி என்று 1956லேயே சட்டம் போட்டாயிற்று. ஒன்பது வருஷம் கழித்துத் தமிழ்ப் பையனிடம் இங்கிலீஷில் மன்னிப்பு! ஒருத்தனும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரமே ஐயாவுக்கு மாற்றல் உத்தரவு, அறுபது மைல் தள்ளி. மதுரைத் தியாகராசர் கல்லூரிப் பேராசிரியர் இலக்குவனாரையே சிறையில் வைத்த வருஷம் அது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரை யார் கேட்பது? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கட்டினார்.

இப்போது சில பேர் மைக் பிடித்துக் கேட்கிறார்கள், ‘மொழி மொழின்னு போராடி என்னத்தைக் கண்டீங்க?’ பெயர் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், சொல்ல மாட்டேன். கண்டோம்! 1967இல் கோட்டையில் ஆள் மாறக் கண்டோம். 1968 ஜனவரி 23, சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் நிறைவேறக் கண்டோம். நீங்கள் நின்று பேசுகிற மேடையே நாங்கள் கண்டதுதான்! தார் வாசனை அறியாத இன்னும் சிலர், ‘நானும் அறுபத்தஞ்சில் உள்ளே இருந்தேன்’ என்று பொன்னாடை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. வருஷா வருஷம் ஜனவரி 25 மொழிப்போர்த் தியாகிகள் நாள். படம் வைக்கிறோம், மாலை போடுகிறோம், போடத்தான் வேண்டும். என் ஐயா அந்தப் போராட்டத்தில் சாகவில்லை. அதனால் படம் இல்லை. அறுபது மைல் தள்ளிப் போய், அங்கேயும் சிவப்பு மையோடு உட்கார்ந்தவருக்கு ஒரு படம் இல்லை!

கட்சியில் இருந்தேன், சிறைக்குப் போனேன், தேர்தலில் தோற்றேன். அதெல்லாம் வந்து போயிற்று. ஐம்பது வருஷத்துக்கு மேலாக விடாமல் செய்கிற ஒரே வேலை மனு எழுதுவது. பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர்க் குழாய். ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். ஒன்றில்கூட ‘பணிந்து’ கிடையாது. போன மாதம் ஒரு பாட்டி, ‘தம்பி, கொஞ்சம் கெஞ்சி எழுதுப்பா’ என்றார். ‘வேண்டாம்மா, எங்க ஐயா கோடு போட்டிருவார்’ என்றேன்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு இதே நூலக வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். கண் மங்குகிறது, என் எழுத்தை நானே படிக்க முடியவில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் வாருங்கள். பேனா மட்டும் கொண்டுவந்தால் போதும், தாள் என்னிடம் இருக்கிறது.