படங்களை அருகருகே வைக்கும் கலை

ஓவியம் வரைதல், கற்பித்தல், பிறர் படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியாக அமைத்தல் ஆகிய மூன்றையும் ஒருவரே மேற்கொண்டால், ஒன்றுக்குரிய நேரத்தையும் ஊக்கத்தையும் மற்றவை பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் கலையுலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆயினும், பரோடாவைத் தம் ஊராக்கிக்கொண்ட ஓவியர் குலாம்முகமது ஷேக்கின் பணியைக் கூர்ந்து நோக்குவோர், ஒரு படத்தை மற்றொரு படத்தின் அருகில் வைத்து அவற்றிடையே எழும் உறவைக் காணச் செய்யும் ஒரே செயலே அவரிடம் மூன்று தொழில்களாக விரிந்திருப்பதை உணர்வர்.

1937இல் சௌராஷ்டிரத்தின் சுரேந்திரநகரில் பிறந்த ஷேக், 1955இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் மாணவராகச் சேர்ந்து, 1960இல் அங்கேயே கலை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். 1963 முதல் 1966 வரை லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்று திரும்பிய பின்னர், 1980களின் தொடக்கம் வரை கலை வரலாற்றையும், அதன் பிறகு 1993 வரை ஓவியத்தையும் கற்பித்தார். தூரிகை பிடித்த ஒருவர் இத்தனை ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்தது தற்செயலாக அமைந்த பிழைப்பு வழி என்று கருதத்தக்கதன்று. கலை வரலாற்று வகுப்பின் அடிப்படைக் கருவி ஒப்பீடு. காலத்தாலும் நாட்டாலும் விலகிய இரு படங்களைத் திரையில் சேர்த்துக் காட்டி, ஒன்றின் இயல்பை மற்றொன்றால் விளக்கும் முறை அது. அம்முறையில் ஆண்டுக்கணக்காகப் பழகிய கண் அவருடைய ஓவியத்தில் தெளிவாகப் புலப்படுகிறது.

ஏடுகளில் சிறிய அளவில் நுணுக்கமாக வரையப்பட்ட முகலாயச் சிற்றோவியங்களும், இத்தாலியின் சியனா நகர மன்றத்தில் அம்ப்ரோஜியோ லொரென்செட்டி 1338-39இல் நல்லாட்சியின் பயன்களைக் காட்டித் தீட்டிய சுவரோவியங்களும் ஷேக்குக்கு ஒரே மரபின் உறவினராகவே தோன்றின. ஒரே நிலையிலிருந்து பார்ப்பதாகக் காட்சியைக் கட்டிப்போடாமல், தெருக்களும் வீடுகளும் பல நிகழ்ச்சிகளும் ஒரே பரப்பில் விரிய இடங்கொடுப்பது இரண்டுக்கும் பொதுவான பண்பு. 1981 முதல் 1984 வரை அவர் தீட்டிய ‘விற்பனைக்கு ஒரு நகரம்’ என்ற பெரிய ஓவியத்தில், திரையரங்கில் ஓடும் ‘சில்சிலா’ படமும், காய்கறி விற்கும் பெண்ணும், மதக் கலவரத்தின் வெறியும் ஒன்றையொன்று நெருக்கி நிற்பது இந்தப் பார்வையின் விளைவே ஆகும். அவ்வோவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கண்காட்சி அமைப்பாளர் என்பவர் படங்களை ஆணியில் மாட்டி முடிப்பவர் அல்லர்; எவற்றைக் காட்டுவது, எவற்றை விடுப்பது, எதன் பின் எதனை வைப்பது, அவற்றுக்கு எத்தகைய விளக்கக் குறிப்பு எழுதுவது என முடிவுசெய்து, ஒரு கலைஞரைப் பற்றிய வாதத்தைச் சுவர்களின் மீது எழுதுபவர். 1981இல் ‘மக்களுக்கான இடம்’ என்ற கண்காட்சியில் பூபேன் கக்கர், விவான் சுந்தரம், நளினி மாலானி, சுதிர் பட்வர்தன், ஜோகேன் சௌதுரி ஆகியோருடன் ஷேக்கும் இடம்பெற்றார். மனித உருவங்களையும் மனிதர்தம் வாழ்வையும் ஓவியத்தின் மையத்துக்குக் கொண்டுவரும் தங்கள் நிலைப்பாட்டை அவர்கள் வெளிப்படையாக அறிவித்தே காட்சிப்படுத்தினர். கலைஞர் தம் தரப்பை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவதைவிட இது நேர்மையானது.

எனினும், அமைப்பாளர் என்ற முறையில் ஷேக்கின் மேன்மை வெளிப்பட்ட பணி, கலை வரலாற்றாசிரியர் ஆர். சிவகுமாருடன் இணைந்து 2006-07இல் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் அமைத்த, ஓவியர் பினோத்பிஹாரி முகர்ஜியின் நூற்றாண்டுக் கண்காட்சியே. 1904இல் பிறந்த பினோத்பிஹாரி, பிறவியிலேயே பார்வைக் குறைவுடையவர். நடுவயதுக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தும், காகிதங்களை வெட்டி ஒட்டி உருவங்கள் படைத்தவர். அவருடைய சிகரப் படைப்பு, 1946-47இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில், இராமானுஜர், கபீர், சூர்தாஸ் முதலிய அடியார்களின் வாழ்வைத் தீட்டிய சுவரோவியம். அதனை எந்தக் கூடத்துக்கும் பெயர்த்துச் செல்ல இயலாது. இடம்பெயர்க்க முடியாத ஒரு படைப்பை உச்சமாகக் கொண்ட கலைஞரை, நீள்சுருள் ஓவியங்கள், சிறு வரைவுகள், காகித ஒட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு முழுமையாக உணர்த்துவதற்குப் பிறர் கையின் இயக்கத்தைத் தன் கையால் அறிந்த ஓவியரின் கண்ணும், படிப்படியாக விளக்கத் தெரிந்த ஆசிரியரின் பொறுமையும் சேர்ந்தே தேவைப்பட்டன. பினோத்பிஹாரியின் மாணவர் கே. ஜி. சுப்ரமணியன்; அவரே பரோடாவில் ஷேக்கின் ஆசிரியர். ஆசிரியரின் ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய கடனாகவும் அக்கண்காட்சியைக் கொள்ளலாம்.

இத்தகைய வாழ்வுக்கு விலையும் உண்டு. கதை சொல்லிகள் ஊர் ஊராகச் சுமந்து செல்லும், கதவுகள் மடிந்து திறக்கும் ராஜஸ்தானத்துக் ‘காவட்’ என்னும் மரப்பேழையை முன்மாதிரியாகக் கொண்ட அவருடைய பெரும் படைப்புகள், அவர் வகுப்பறையை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உருவாயின. கற்பித்தல் அவருடைய தூரிகையைத் தாமதப்படுத்தியது உண்மை. ஆனால் கதவுக்குக் கதவு வெவ்வேறு மரபுகள் சந்திக்கும் அப்பேழைகளை, கற்பிக்காத ஷேக் படைத்திருக்க முடியாது.