துல்லியம் என்ற ஒரு சொல் போதுமா?

கலைச்சொற்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் தாதி, கணினி வல்லுநர் அல்ல. அதனால் மருத்துவமனைக்குள் வந்துவிட்ட ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: துல்லியம்.

“இந்தக் கணினி 95 சதவீதம் துல்லியமாக நோயைக் கண்டுபிடிக்கிறது” என்று செய்தி வருகிறது. கேட்பவர், ‘எனக்கு நோய் என்று அது சொன்னால் 95 சதவீதம் உறுதி’ என்று எடுத்துக்கொள்கிறார். அப்படியல்ல. கணினித் துறையில் இதற்கு மூன்று அளவுகள் உண்டு: அக்யூரசி, பிரிசிஷன், ரீகால். முதல் இரண்டையும் நாம் பல இடங்களில் ‘துல்லியம்’ என்றே எழுதிவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 10,000 பேரைப் பரிசோதிக்கிறோம். அவர்களில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. கணினி 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. 10 பேரைத் தவறவிடுகிறது. நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் ‘நோய் உண்டு’ என்கிறது.

உள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டது: இது ரீகால், 90 சதவீதம். மருத்துவத்தில் இதையே சென்சிட்டிவிட்டி என்கிறோம். ‘நோய் உண்டு’ என்று சொன்னது மொத்தம் 585 பேரை. அதில் உண்மை 90 மட்டுமே. இது பிரிசிஷன், ஏறக்குறைய 15 சதவீதம். இரு பக்கமும் சேர்த்துச் சரியாகச் சொன்னது 9,495 பேருக்கு. இதுதான் அக்யூரசி, கிட்டத்தட்ட 95 சதவீதம். செய்தியில் வந்தது இந்த எண்.

இன்னொரு கணினி எதையும் பார்க்காமல் எல்லாரிடமும் ‘நோய் இல்லை’ என்கிறது என்று வையுங்கள். அதன் அக்யூரசி 99 சதவீதம்! ஆனால் நோயாளி ஒருவரைக்கூட அது காணவில்லை. காணாமற்போன ஒரு ஆட்டைத் தேடி, தொண்ணூற்றொன்பதை விட்டுப் போன மேய்ப்பனின் உவமை நினைவுக்கு வருகிறது. அந்த மேய்ப்பன் கேட்டது ரீகாலை.

தமிழில் என்ன சொல்லலாம்? அக்யூரசிக்கு ‘மொத்தத்தில் சரி’, பிரிசிஷனுக்கு ‘சொன்னதில் சரி’, ரீகாலுக்கு ‘உள்ளதில் கண்டது’. அழகான கலைச்சொற்கள் அல்லதான். ஆனால் எதை எதால் வகுக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

இது ஏன் முக்கியம்? நம் பிள்ளைகள் அம்மம்மாவோடு மருத்துவரிடம் போய் மொழிபெயர்க்கிறார்கள். ‘பாசிட்டிவ்’ என்றதும் “உங்களுக்கு நோய் இருக்காம்” என்று சொல்லிவிடுகிறார்கள். முதற்கட்டப் பரிசோதனை என்றால், “இன்னொரு சோதனை செய்து பார்க்க வேணுமாம்” என்பதே பல நேரம் சரியான மொழிபெயர்ப்பு. எங்கள் கணக்கில் அப்படி அழைக்கப்பட்ட 585 பேரில் 495 பேர் நோயில்லாதவர்கள். அவர்களை ஒரு சொல்லால் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மற்ற 90 பேரும் அடுத்த சோதனைக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது.

அடுத்த முறை ‘துல்லியம்’ என்று யாராவது சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.