நாடா கட்டுற இடம்

எங்க மாமியாருக்கு இடுப்புல, பாவாடை நாடா இறுக்குற இடத்துல, ஆறு மாசமா ஒரு புண்ணு ஆறவே இல்லை. கூச்சப்பட்டு மஞ்சளைப் பூசி மறைச்சிட்டாங்க. நான்தான் சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போனேன். சதை எடுத்துப் பார்த்தாங்க. நல்லவேளை, வெறும் புண்ணுதான்.

ஆனா அபூர்வமா அது தோல் புற்றுநோயா மாறும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வருஷக்கணக்கா ஒரே இடம் உரசி, வேர்த்து, புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகிறதுதான் காரணமாம். வேட்டி கட்டுற ஆம்பளைங்களுக்கும் இப்படி வந்ததை 1945லேயே நம்ம நாட்டு டாக்டருங்க எழுதியிருக்காங்க. 2024ல வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில, 40 வருஷம் பாவாடையில்லாம லுக்டா சேலையையே இறுக்கிக் கட்டின ஒரு அம்மாவுக்கு, தொடை இடுக்கு நெறி வரைக்கும் பரவியிருந்துச்சாம்.

மாமியாருக்கு இப்ப அகலப் பட்டி வச்சுத் தச்சிருக்கேன். தையல் அக்காங்களே, குழு ஆர்டர் பாவாடைக்கும் மெல்லிசு நாடா வேண்டாம்.