நான்கு மோதல்கள், ஓர் இடது கை



எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில் ஒரு பட்டப் போட்டி நெருங்கினால், ரசிகர்கள் முதலில் தேடுவது எண்களைத்தான். இருவரில் யாருக்குக் கை நீளம்? நிமிடத்துக்கு எத்தனை அடி இறக்குகிறார், எத்தனை வாங்கிக்கொள்கிறார்? வீசியதில் நூற்றுக்கு எத்தனை இலக்கில் படுகிறது? கிரிக்கெட்டில் ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் பார்த்தால் எதிரே பந்து வீசியது யார், ஆடுகளம் எப்படி என்று தெரியாதல்லவா? அதே குறைதான் இந்த எண்களிலும். ஒருவர் எவ்வளவு அடிக்கிறார் என்பது தெரியும். அவருடைய அடி எதிராளியை என்ன செய்ய வைக்கிறது என்பது தெரியாது.

இதைப் புரிந்துகொள்ள இஸ்ரேல் அடெசான்யா, அலெக்ஸ் பெரெய்ரா ஜோடியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். இருவரும் நான்கு முறை மோதியிருக்கிறார்கள். முதல் இரண்டும் கிக்பாக்ஸிங், அடுத்த இரண்டும் எம்எம்ஏ. ஆட்கள் அவர்களே, விதிகள்தான் வேறு.

அடெசான்யா நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1989இல் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே குடும்பத்துடன் நியூசிலாந்து போனவர். 'ஓங் பாக்' என்ற தாய்லாந்து சண்டைப் படம் பார்த்துக் கிக்பாக்ஸிங் ஆசை வந்தது. ஆக்லாந்தில் யூஜின் பேர்மன் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்தார். நடனத்திலும் ஆசை உள்ளவர். நடனமாடிய அந்தக் கால்கள் சண்டையிலும் தெரியும். பெரெய்ரா பிரேசிலில், சாவோ பாலோவை ஒட்டிய சாவோ பெர்னார்டோ டோ காம்போ என்ற தொழில் நகரத்துக்காரர். பள்ளியைப் பாதியில் விட்டு டயர் கடையில் வேலை பார்த்தவர். குடிப்பழக்கத்திலிருந்து மீள 21 வயதில் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தார். பிறகு 'குளோரி' கிக்பாக்ஸிங் அமைப்பில் இரண்டு எடைப் பிரிவுகளில் ஒரே காலத்தில் பட்டம் வைத்திருந்தார்.

2016 ஏப்ரல், சீனாவின் ஷென்ஜென் நகரம். முதல் மோதலில் மூன்று சுற்றுகளும் முடிந்து, புள்ளிக் கணக்கில் பெரெய்ரா வென்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில் சாவோ பாலோவில் இரண்டாவது மோதல். இதில் அடெசான்யாவின் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாம் சுற்றில் பெரெய்ராவைத் தடுமாற வைத்தார். நடுவர் குறுக்கே வந்து எட்டு வரை எண்ணினார். அந்தச் சில நொடிகளில் பெரெய்ராவுக்கு மூச்சு திரும்பியது. மூன்றாம் சுற்றில் ஓர் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து. அடெசான்யா நினைவிழந்து விழுந்தார்.

ஐந்தாண்டுக்குப் பிறகு, 2022 நவம்பர் 12 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருவரும் மூன்றாம் முறையாகச் சந்தித்தார்கள். யுஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பின் 281ஆம் நிகழ்ச்சி, மிடில்வெயிட் பட்டப் போட்டி. அடெசான்யா 2019இலிருந்து சாம்பியன். பட்டத்தை ஐந்து முறை காத்தவர். பெரெய்ராவுக்கோ யுஎஃப்சியில் அதுவரை மூன்றே சண்டைகள்தான். இருவருக்கும் உயரம் 6 அடி 4 அங்குலம். கை நீளம் அடெசான்யாவுக்கு 80 அங்குலம், பெரெய்ராவுக்கு 79. அளவு நாடா எந்தப் பக்கமும் சாயவில்லை.

சாய்வு இருந்தது விதிகளில். எம்எம்ஏ கையுறை 4 அவுன்ஸ்தான். கிக்பாக்ஸிங் கையுறை அதைப்போல இருமடங்குக்குக் குறையாது. பருத்த கையுறையோடு முகத்தை மூடினால் பாதி அடி அதிலேயே நின்றுவிடும். சின்னக் கையுறையில் சந்து பொந்துகள் அதிகம். நின்றபடி எண்ணும் வழக்கமும் எம்எம்ஏயில் கிடையாது. தடுமாறினால் எதிராளி மேலே பாய்வார், அவ்வளவுதான். கிக்பாக்ஸிங்கில் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. யுஎஃப்சி பட்டப் போட்டியில் ஐந்து நிமிடம் வீதம் ஐந்து சுற்று, மொத்தம் 25 நிமிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே காலைப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம்.

தரையில் சாய்க்கப்படுவோமோ என்ற பயம் குத்துச்சண்டைத் திறமையையே மாற்றிவிடும். 2018 அக்டோபரில் லாஸ் வேகஸில் காபிப் நூர்மகமெதோவும் கானர் மெக்ரெகரும் மோதினார்கள். காபிப் மல்யுத்தக்காரர், மெக்ரெகர் இடது கையால் பலரைச் சாய்த்தவர். காகிதத்தில் ஒப்பிட்டால் நின்று அடிப்பதில் போட்டியே இல்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் தலைக்கு மேலாகச் சுழன்று வந்த ஒரு வலது குத்தில் விழுந்தவர் மெக்ரெகர்தான். எதிராளி காலுக்குப் பாய்வாரோ என்று காத்திருக்கும் ஒருவரின் பார்வையும் கையும் கீழே போய்விடுகின்றன. தாடை திறந்துகொள்கிறது.

மறுபடி நியூயார்க்குக்கு வருவோம். அடெசான்யாவின் ஆயுதம் ஏமாற்று. தோளை அசைப்பார், இடுப்பை வெட்டுவார், உதைப்பதுபோல் முழங்காலைத் தூக்குவார். பத்து பாவ்லாவுக்கு ஓர் அடி. எதிராளி எதற்கு எப்படி மிரள்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அடிப்பார். கைகளைத் தாழ்த்தி வைத்து, குத்து வரும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தப்புவார். இதற்கெல்லாம் கால்கள் தேவை.

பெரெய்ரா கை வைத்தது அந்தக் கால்களில்தான். அவருடைய கெண்டைக்கால் உதைக்கு ஓங்கல் கிடையாது; நின்ற நிலையிலிருந்தே கால் புறப்படும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே திரும்பத் திரும்ப உதைபட்டால் பாதம் சொன்னபடி கேட்காது. கால் கனத்தவர் நகர்வதைக் குறைத்துக்கொண்டு, களத்தைச் சுற்றியுள்ள கம்பிவலையில் சாய்வார். அப்போது பின்னுக்குச் சாய இடமிருக்காது. இடது ஹூக் வரும் நேரம் அது. யார் எத்தனை அடி அடித்தார்கள் என்ற கணக்கில் ஓர் உதையும் ஒரு ஹூக்கும் ஒன்றுக்கொன்று சமம். இங்கேயோ உதை வாசலைத் திறக்கிறது, ஹூக் உள்ளே நுழைகிறது.

அன்று நடந்தது ஏறக்குறைய இதுதான். முதல் சுற்று முடியும் தறுவாயில் அடெசான்யா பெரெய்ராவைக் கிறங்கடித்தார். மணி அடித்ததால் பெரெய்ரா பிழைத்தார். மூன்றாம் சுற்றில் அடெசான்யா அவரைத் தரையில் சாய்த்து மேலேறி அழுத்தினார். பெரெய்ரா தன் முதல் எம்எம்ஏ சண்டையில் கழுத்துப்பிடியில் தோற்றவர் என்பதால், அடிப்பவர் என்று பெயரெடுத்த சாம்பியன் இந்த வழியையும் கையில் எடுத்தார். நான்கு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் 39-37, சாம்பியனே முன்னிலை. மீதி ஐந்தே நிமிடம். ஐந்தாம் சுற்றில் பெரெய்ரா அவரை வலையோரம் தள்ளிக்கொண்டு போய்ச் சரமாரியாகக் குத்தினார். 2 நிமிடம் 1 நொடியில் நடுவர் மார்க் காடர்ட் சண்டையை நிறுத்தினார். பட்டம் கைமாறியது.

மூன்றுக்கு மூன்று பெரெய்ரா. இதற்கு மேல் ஒப்பிட என்ன இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். 2023 ஏப்ரல் 8 அன்று மயாமியில் நடந்த நான்காம் மோதலில் பதில் வந்தது.

இரண்டாம் சுற்றில் அடெசான்யாவின் கால் மீண்டும் உதை வாங்கியது. அவர் மீண்டும் வலையில் சாய்ந்தார், கைகளால் தலையை மூடிக்கொண்டார். பெரெய்ரா பழகிய வழியில் உள்ளே வந்தார். முழங்காலால் இடித்தார், குத்தினார், முடித்துவிடும் ஆசையில் தற்காப்பைத் தளர்த்தினார். அந்தச் சந்தில் அடெசான்யாவின் வலது கை பாய்ந்தது, அடுத்தும் ஒரு வலது. பெரெய்ரா தரையில். 4 நிமிடம் 21 நொடியில் கதை முடிந்தது. எந்த மூலையில் மாட்டித் தோற்றாரோ அந்த மூலையையே அடெசான்யா இரையாக வைத்தார். அவருடைய கை வேகமோ நீளமோ ஐந்து மாதத்தில் மாறவில்லை. பெரெய்ரா எப்போது துணிந்து உள்ளே வருவார் என்பது மட்டும் அவருக்குப் பாடமாகியிருந்தது.

இதோடு ஷான் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற வீரரையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஜூலையில் இவரை முதல் சுற்றிலேயே இடது ஹூக்கால் சாய்த்தவர் பெரெய்ரா. பெரெய்ராவைச் சாய்த்தவர் அடெசான்யா. அந்தக் கணக்குப்படி 2023 செப்டம்பரில் சிட்னியில் அடெசான்யா ஸ்ட்ரிக்லாண்டை ஊதித் தள்ளியிருக்க வேண்டும். பந்தயக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்ட்ரிக்லாண்டிடம் அலங்காரம் எதுவும் கிடையாது. தோளை உயர்த்தித் தாடையை மறைப்பார், நேராக நடந்து வருவார், ஜாப் எனும் நேர் குத்து விடுவார், முன்காலால் தள்ளுவார். ஆனால் பாவ்லாவுக்கு மிரளவே மாட்டார். மிரளாத ஆளிடம் அடெசான்யாவின் ஏமாற்று வேலைக்குப் பிடி கிடைக்கவில்லை. முதல் சுற்றிலேயே வலது குத்தில் விழுந்து எழுந்த சாம்பியன், மூன்று நடுவர்களிடமும் 49-46 என்று பட்டத்தை இழந்தார்.

பெரெய்ரா இதற்கிடையில் மேல் எடைப் பிரிவுக்குப் போய்விட்டார். 2023 நவம்பரில், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில், செக் நாட்டின் இர்ஷி புரோகாஸ்காவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி லைட் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தார். புரோகாஸ்கா ஓரிடத்தில் நிற்காதவர், எந்தக் கோணத்திலிருந்து அடிப்பார் என்று ஊகிக்க முடியாதவர். பெரெய்ரா அவருக்கென்று புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. முதலில் கெண்டைக்கால், பிறகு இடது கை.